டர்போ வண்டியில் பூஸ்ட் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பிடித்துப் பிழையைத் தேடும் வழி

பூஸ்ட் என்பது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தம். ரீமேப் செய்து (எஞ்சின் கணினியான ஈசியுவில் உள்ள மேப் என்ற அட்டவணையை மாற்றி எழுதி), டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) மாற்றி, பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) போட்ட வண்டிகளுக்கானது இது. லீனியா டி-ஜெட், பழைய லாரா 1.8 டிஎஸ்ஐ, போலோ ஜிடி, ஆக்டேவியா, ஐ20 டர்போ என்று மதுரைப் பக்கம் ஓடும் பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. விஜிடி (டர்பைனைச் சுற்றி நகரும் இறக்கைகள் உள்ள டர்போ) டீசலுக்குத் தனிப் பகுதி உண்டு.

பூஸ்ட் குறைந்தாலும் கூடினாலும் உடனே பூஸ்ட் கன்ட்ரோலரின் எண்ணைத் திருகுவதும், "மேப்பைக் கொஞ்சம் ஏத்திக் கொடுங்க" என்று டியூனரிடம் கேட்பதும்தான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. லீக் இருக்கிற வண்டியில் மேப்பை ஏற்றினால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும், ஓட்டை அப்படியே இருக்கும். மெக்கானிக்கல் பக்கம் சுத்தம் என்று உறுதிசெய்த பிறகுதான் கன்ட்ரோல் பக்கம் கை வைக்க வேண்டும். கீழே வரும் எல்லாச் சோதனைகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

## எதையும் கழற்றும் முன்

சாவி போட்டு, எஞ்சின் ஓடாமல். ஸ்கேனரில் மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது; டியூனர் எழுதும் மேப் வேறு) அளவைப் பாருங்கள். மதுரையில் அது 1000 மில்லிபாரை ஒட்டி இருக்க வேண்டும். பூஸ்ட் சென்சார் தனியாக இருந்தால் அதுவும் அதே எண்ணைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே 40, 50 மில்லிபார் வித்தியாசம் வந்தால் முதலில் சென்சாரையும் அதன் கனெக்டரையும் பாருங்கள். சென்சார் பொய் சொல்லும்போது மற்ற எந்த அளவையும் நம்பிப் பயனில்லை.

கோடுகள் (ஈசியு பதியும் பிழை எண்கள்). பி0299 என்றால் பூஸ்ட் குறைவு. பி0234 என்றால் அதிகம். பி0243 முதல் பி0246 வரை வேஸ்ட்கேட் சோலினாய்டின் மின்சுற்று. வேஸ்ட்கேட் என்பது எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு (ஃபிளாப்); ராட் மூலம் அதை ஆட்டுவது ஆக்சுவேட்டர், ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது சோலினாய்டு. பி2563 எலக்ட்ரிக் ஆக்சுவேட்டரின் பொசிஷன் சென்சார். பி0236 வந்தால் பூஸ்ட் சென்சாரின் அளவு ஒத்துப்போகவில்லை என்று பொருள். கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு விழுந்த நொடியில் பதிவான அளவுகள்) படம் எடுத்து வையுங்கள். எந்த ஆர்பிஎம்மில், எத்தனை டிகிரி சூட்டில் கோடு விழுந்தது என்பதே பாதி விடை.

லாக் (ஓடும்போது ஸ்கேனரில் பதியும் அளவுகள்). மூன்றாவது கியர், 2000 ஆர்பிஎம்மில் தொடங்கி முழு த்ராட்டில். ஆர்பிஎம், கேட்ட பூஸ்ட் (ஈசியுவின் இலக்கு), வந்த பூஸ்ட், வேஸ்ட்கேட் டியூட்டி (ஈசியு தரும் உத்தரவின் சதவீதம்; கூடக் கூட வேஸ்ட்கேட் மூடியே நிற்கும்), இன்டேக் சூடு: முதல் ஓட்டத்துக்கு இந்த ஐந்து போதும். மலிவான புளூடூத் அடாப்டரில் பத்து அளவுகளை ஒன்றாகக் கேட்டால் நொடிக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். பூஸ்ட் எகிறும் அரை நொடி அதில் பதிவாகாது. டைனோவில் (வண்டியை உருளை மேல் நிறுத்தி ஓட்டி அளக்கும் மேடை) எடுப்பதுதான் சரி. சாலையில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஆளில்லாத நேரம், வேக வரம்புக்குள், லேப்டாப்பைப் பார்க்க இன்னொரு ஆள். ரிங் ரோட்டிலும் நத்தம் சாலைப் பாலத்திலும் இதைச் செய்யாதீர்கள். குறுக்கே எப்போது பைக் வரும் என்று சொல்ல முடியாது.

லாக்கை இப்படிப் படியுங்கள்:

- கேட்ட பூஸ்ட் அதிகம், வந்தது குறைவு, டியூட்டி 90 சதவீதத்துக்கு மேல்: ஈசியு முழு முயற்சி செய்கிறது, காற்று எங்கோ போகிறது. லீக், மூடாத வேஸ்ட்கேட், இல்லையென்றால் டர்போ.
- கேட்ட பூஸ்ட்டே குறைவு: இது பூஸ்ட் கோளாறே இல்லை. சூடு, நாக் (எரிபொருள் நேரம் தப்பி வெடிப்பது), எரிபொருள் அழுத்தம், கியர்பாக்ஸ் டார்க் வரம்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஈசியுவைப் பின்வாங்க வைக்கிறது.
- கேட்டதை விட வந்தது அதிகம், டியூட்டி ஏறக்குறைய பூஜ்யம்: வேஸ்ட்கேட்டுக்குத் திறக்கும் உத்தரவு போகிறது, அது திறக்கவில்லை. திறந்தாலும் போதவில்லை.

ஸ்பிரிங் ஓட்டம். காற்றழுத்தத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் உள்ள வண்டிகளுக்கு மட்டும். சோலினாய்டை விட்டுவிட்டு, கம்ப்ரஸர் ஹவுசிங் நிப்பிளிலிருந்து ஆக்சுவேட்டருக்கு ஒரே ஹோஸை நேராகப் போடுங்கள். இப்போது பூஸ்ட் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் அளவில் நிற்க வேண்டும். அந்த அளவு ஸ்பிரிங்கைப் பொறுத்தது, பெரும்பாலும் 0.4 முதல் 0.7 பார் வரை.

அந்த அளவில் ஆடாமல் நின்றால் டர்போ, வேஸ்ட்கேட், குழாய்கள் எல்லாம் பெரும்பாலும் நலம். கோளாறு சோலினாய்டு, வயரிங், மேப் பக்கம். அந்த அளவையே எட்டவில்லை என்றால் லீக், இல்லையேல் மூடாத ஃபிளாப். அதைத் தாண்டி ஏறினால் வேஸ்ட்கேட் பக்கம். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் சோலினாய்டு வாங்கிய பணம் நிறையப் பேருக்கு வீணாகியிருக்கிறது. போலோ ஜிடி, ஐ20 டர்போ, புதிய ஆக்டேவியா போன்றவற்றில் ஆக்சுவேட்டர் எலக்ட்ரிக் என்பதால் இந்த வழி கிடையாது; அவற்றுக்கு ஸ்கேனரில் ஆக்சுவேட்டர் டெஸ்ட்தான்.

## அறிகுறி: வண்டி இழுக்கவில்லை, பி0299, லிம்ப் மோட் (ஈசியு சக்தியைக் குறைத்து ஓட்டும் நிலை)

### முதலில் கையும் கண்ணும்

ஏர் ஃபில்டர், அதன் பெட்டி மூடி, கிளாம்ப்கள், 4 மில்லிமீட்டர் சின்ன ஹோஸ்கள். சின்ன ஹோஸை வளைத்துப் பாருங்கள்; வெடிப்பு வளைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். நிப்பிள் மேல் உட்காரும் முனையும் டர்போ சூடு படும் இடமும் முதலில் போகும். வண்டி இரண்டு வாரம் நின்றிருந்தால் எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். வேக்கம் ஹோஸ் எலிக்கு மிகவும் பிடிக்கும்.

அவசரத்துக்கு மீன்தொட்டி ட்யூப் போட்ட வண்டிகள் வருகின்றன. குளிராக இருக்கும்போது பிடிக்கும், சூடேறினால் தொளதொளத்து நிப்பிளை விட்டு நழுவும். சுவர் தடித்த 4 மில்லிமீட்டர் சிலிக்கான் ஹோஸும் சின்ன கிளாம்ப்பும் போடுங்கள்.

### லீக்கைக் கண்டுபிடிக்கும் அழுத்தச் சோதனை

மாற்றியமைத்த வண்டியில் பி0299 வந்தால் மற்ற எல்லாவற்றையும் விட இந்தச் சோதனைதான் அதிகம் பலன் தரும். தேவையானவை: டர்போ இன்லெட் ஹோஸின் உள்விட்டத்துக்குப் பொருந்தும் பிவிசி எண்ட் கேப் (ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்), ஒரு ட்யூப்லெஸ் டயர் வால்வு (பங்சர் கடை), ரெகுலேட்டர் உள்ள கம்ப்ரஸர், சோப்புத்தண்ணீர்.

1. கேப்பின் நடுவில் துளையிட்டு வால்வைப் பொருத்துங்கள். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அடுத்து வரும் ஹோஸில் கேப்பை நுழைத்து, கிளாம்ப் இறுக்கி, பின்னோக்கித் தெறிக்காதபடி கயிற்றாலும் கட்டுங்கள்.
2. இன்லெட்டில் சேரும் பிசிவி ஹோஸை (கிராங்க்கேஸ் காற்றை வெளியேற்றுவது) கழற்றி இரு முனையையும் அடையுங்கள். அடைக்காவிட்டால் காற்று கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளும்.
3. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் 0.3 பார். சத்தம் இல்லை என்றால் 0.7. 1 பாருக்கு மேல் வேண்டாம். பிவிசி காற்றழுத்தத்துக்குச் செய்த பொருள் அல்ல, உடைந்தால் சில்லாகத் தெறிக்கும். கேப்புக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது.
4. காதால் கேளுங்கள், பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத்தண்ணீர் தெளியுங்கள். இன்டர்கூலரின் இரு முனை, த்ராட்டில் பாடி ஹோஸ், டைவர்டர் வால்வு (கால் எடுத்ததும் மிகுந்த காற்றைத் திருப்பிவிடுவது), மேப் சென்சார் ஓரிங், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓரிங்.
5. சைலன்சர் வழியாகவோ ஆயில் மூடி வழியாகவோ காற்று போவது கேட்டால், ஏதோ ஒரு வால்வு திறந்த நிலையில் கிராங்க் நின்றிருக்கிறது. ஸ்பேனர் போட்டுக் கிராங்கைக் கொஞ்சம் திருப்பி மறுபடி பாருங்கள். எந்த நிலையில் வைத்தாலும் ஆயில் மூடியில் பலமாகக் காற்று வந்தால் ரிங் சந்தேகம்; கம்ப்ரஷன் டெஸ்ட் தேவை.

அழுத்தம் மெல்ல இறங்குவது இயல்பு. சில நொடிகளில் காலியானால் லீக் பெரியது. இன்டர்கூலரின் அடிமுனையில் ஆயில் ஈரமும் அதில் புழுதியும் ஒட்டியிருந்தால் அங்கேதான் முதலில் தேட வேண்டும். மேலூர், திருமங்கலம் பக்கப் புழுதி லீக் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடும்.

சிலிக்கான் ஹோஸ் அடிக்கடி கழன்றால் கிளாம்ப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள். பைப் முனையில் உருட்டு வளையம் இல்லாத அலுமினியக் குழாயில் எந்தக் கிளாம்ப்பும் நிற்காது. வெல்டரிடம் கொடுத்து வளையம் வைக்க வேண்டும். உள்ளே ஆயில் படிந்திருந்தால் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். 1 பாருக்கு மேல் ஓட்டும் வண்டிக்குத் திருகு வகைச் சாதாரண கிளாம்ப்பை விட டி-போல்ட் கிளாம்ப் நல்லது. அளவுக்கு மீறி இறுக்கினால் ஹோஸ் அறுபடும்.

### லீக் இல்லை, இன்னும் பூஸ்ட் வரவில்லை

கரும்புகை வருகிறதா? மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் டர்போவுக்குப் பிறகு காற்று கசிந்தால், அளந்த காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேராது. பெட்ரோல் கூடிக் கரும்புகை தள்ளும். மேப் சென்சாரை மட்டும் நம்பும் வண்டியில் அப்படி ஆகாது, இழுவை மட்டும் குறையும். ஆகவே ஏர்ஃப்ளோ சென்சார் வண்டியில் கரும்புகை இருந்தால் லீக்கை இன்னொரு முறை தேடுங்கள்.

வேஸ்ட்கேட் ஃபிளாப். எஞ்சின் குளிர்ந்த பிறகு ராடைக் கழற்றி, ஃபிளாப் கையை விரலால் ஆட்டுங்கள். தடையில்லாமல் திறந்து மூட வேண்டும்; மூடும்போது உலோகம் உலோகத்தில் உட்காரும் டக் சத்தம் வர வேண்டும். இறுகியிருந்தால் உயர்வெப்ப லூப்ரிகன்ட் தெளித்து, பலமுறை ஆட்டி விடுவிக்கலாம். 1.2 டிஎஸ்ஐ வண்டிகளில் இது தெரிந்த வியாதி. புஷ் தேய்ந்து கை தளர்ந்தால் குளிரில் கலகலவென்று சத்தம் வரும், ஃபிளாப் நேராக உட்காராது.

ஆக்சுவேட்டர். கேஜ் உள்ள கைப்பம்பை மாட்டி, ஸ்பிரிங் அளவுக்கு அழுத்தம் கொடுத்து ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அழுத்தம் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ராட் எந்த அழுத்தத்தில் அசையத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ராடின் துளை, மூடிய ஃபிளாப்பின் ஆணிக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் குட்டையாக இருந்து, இழுத்து மாட்டும்படி இருக்க வேண்டும். துளை தானாகவே ஆணியில் விழுந்தால் ப்ரீலோட் (ஃபிளாப்பை மூடி வைக்கும் ஸ்பிரிங் இழுப்பு) போதாது, எக்ஸாஸ்ட் அழுத்தமே ஃபிளாப்பைத் தள்ளித் திறந்துவிடும்.

எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர். ஸ்கேனரில் ஆக்சுவேட்டர் டெஸ்ட் ஓட்டி, ராட் முழுத்தூரம் போய் வருகிறதா பாருங்கள். எதையாவது மாற்றினாலோ ராடைத் தொட்டாலோ அடாப்டேஷன் (ஆக்சுவேட்டரின் எல்லைகளை ஈசியு மறுபடி கற்பது) செய்தே ஆக வேண்டும். செய்யாமல் விட்டால் புது ஆக்சுவேட்டரும் பழைய கோடையே போடும்.

சோலினாய்டு. கடைசியாகத்தான். காயிலின் எதிர்ப்பு வண்டியைப் பொறுத்து 15 முதல் 35 ஓம் வரை இருக்கும். பூஜ்யமோ முடிவிலியோ காட்டினால் போய்விட்டது. பவர் இல்லாத நிலையில், அழுத்தம் வரும் நிப்பிளில் வாயால் ஊதினால் காற்று ஆக்சுவேட்டர் நிப்பிளில் வர வேண்டும். 12 வோல்ட் கொடுத்ததும் அந்த வழி அடைந்து, ஆக்சுவேட்டர் நிப்பிள் வென்ட்டுடன் சேர வேண்டும். ஹோஸை இடம் மாற்றி மாட்டினாலும் இதே அறிகுறிதான் வரும். முந்தைய வேலையின் புகைப்படம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டைவர்டர் வால்வு. டயாஃப்ரம் வகையில் ரப்பர் கிழியும். மேப்பை ஏற்றிய பழைய டிஎஸ்ஐ வண்டிகளில் இது வழக்கம். பிஸ்டன் வகைக்கு மாற்றினால் நிற்கும்.

கேட்டலிடிக் அடைப்பு. மேல் ஆர்பிஎம்மில் மட்டும் மூச்சு முட்டுவது போல இருந்தால், முன் ஆக்ஸிஜன் சென்சார் துளையில் கேஜ் மாட்டி எக்ஸாஸ்ட் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

இங்கே நிறுத்தி நிபுணரிடம் போங்கள்: இன்லெட் ஹோஸைக் கழற்றி கம்ப்ரஸர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது, பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இருந்தால் அது இயல்பு. முன்பின்னாக ஆட்டம் கையில் உணர்ந்தாலோ, இறக்கை ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ, முனை வளைந்திருந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். டர்போவை ரீகண்டிஷன் செய்பவர்களிடம், பேலன்ஸ் மெஷினில் ஓட்டிய அறிக்கை தருவீர்களா என்று கேளுங்கள். தராத இடத்தில் கொடுக்க வேண்டாம். டர்போ மாற்றும்போது ஆயில் ஃபீட் குழாயையும் மாற்றுங்கள்; பழைய டர்போவைக் கொன்றது அந்தக் குழாய் அடைப்பாகவே இருக்கலாம்.

### கொடைக்கானல் ஏறும்போது மட்டும் பி0299

மதுரையில் எந்தக் குறையும் இல்லை, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் செக் லைட். இதில் பாதிக்கு மேல் கோளாறே இருக்காது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,130 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 790 மில்லிபார்தான். மேப் 2200 மில்லிபார் கேட்கிறது என்றால், மதுரையில் டர்போ காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும். கொடைக்கானலில் ஏறக்குறைய 2.8 மடங்கு. சின்ன டர்போவுக்கு அது எல்லைக்கு வெளியே. ஈசியு டியூட்டியை ஏற்றிக்கொண்டே போகும், டர்போ வரம்பு மீறிச் சுற்றும், கடைசியில் கோடு விழும்.

நல்ல மேப்பில் வெளிக்காற்று அழுத்தத்துக்கு ஏற்ப இலக்கைக் குறைக்கும் அட்டவணை இருக்கும். உங்கள் மேப்பில் அது எடுக்கப்பட்டிருக்கிறதா என்று டியூனரிடம் நேராகக் கேளுங்கள். எடுத்திருந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள். அதுவரை மலையில் முழு த்ராட்டில் வேண்டாம். சமவெளியிலேயே டியூட்டி 85 சதவீதத்துக்கு மேல் ஓடும் வண்டியில் சின்ன லீக்கும் இருக்கலாம். மலை அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

### வெயிலில் மட்டும் இழுக்கவில்லை

மே மாதம், மதியம், கோரிப்பாளையம் சிக்னலில் நின்று கிளம்பினால் வண்டி சோர்ந்துதான் போகும். லாக்கில் இன்டேக் சூடு 60 டிகிரிக்கு மேலும் கேட்ட பூஸ்ட்டே குறைவாகவும் இருந்தால் ஈசியு எஞ்சினைக் காப்பாற்றுகிறது. பத்து நிமிடம் ஓடிய பிறகு மறுபடி எடுங்கள். சூடு இறங்கவே இல்லை என்றால் இன்டர்கூலர் முன்னால் காற்று போகிறதா பாருங்கள்: நம்பர் பிளேட், கூடுதல் ஃபாக் லைட், சிறகுகளில் அடைந்த பூச்சியும் மண்ணும். உயர் ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் சாதாரண பெட்ரோல் ஊற்றினாலும் இதே அறிகுறி வரும்; லாக்கில் இக்னிஷன் பின்வாங்கல் தெரியும்.

### விஜிடி டீசலில் கீழ் இழுவை இல்லை

வேக்கத்தில் இயங்கும் விஜிடியில், வேக்கம் போனால் இறக்கைகள் திறந்தே நிற்கும். 2500 ஆர்பிஎம் வரை வண்டி செத்தது போல இருக்கும், பிறகு கொஞ்சம் எழும். வரிசை:

- வேக்கம் ஹோஸ், எலிக் கடி.
- பம்ப்பிலிருந்து வரும் வேக்கம்: ஐடிலில் 0.8 பாரை ஒட்டி இருக்க வேண்டும்.
- கை வேக்கம் பம்ப்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால் ராட் தடங்கலின்றி முழுத்தூரம் நகர்ந்து, விட்டால் திரும்ப வேண்டும். இழுத்த நிலையில் நிற்கவும் வேண்டும்.
- ஈஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் வாயுவை மறுபடி இன்டேக்குக்கு விடுவது) திறந்தே மாட்டியிருக்கிறதா.
- ராட் நடுவில் சிக்கிச் சிக்கி நகர்ந்தால் இறக்கைகளில் கரி.

கரி பிடித்த இறக்கை மூடிய பக்கம் சிக்கினால் எதிர் அறிகுறி வரும்: நடு ஆர்பிஎம்மில் பூஸ்ட் எகிறி, பி0234, லிம்ப். டர்போவைக் கழற்றாமல் எக்ஸாஸ்ட் வழியாக ரசாயனம் தெளித்துச் சுத்தம் செய்வதாகச் சொல்பவர்களிடம் விடாதீர்கள். கழற்றி, பிரித்து, இறக்கை வளையத்தைத் துடைத்து மாட்டும் வேலை இது. டர்போ ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். ஸ்டாப் ஸ்க்ரூவை யாரும் தொட வேண்டாம். அது பெஞ்சில் காற்றோட்டம் அளந்து வைத்த அளவு.

## அறிகுறி: பூஸ்ட் எகிறுகிறது, பி0234, திடீர் வெட்டு

இந்த அறிகுறியில் வண்டியை ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். பூஸ்ட் குறைந்தால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவே. கூடினால் பிஸ்டன் போகும்.

### ஒரு கூர்முனை ஏறி உடனே இறங்குகிறது

பூஸ்ட் எழும் நேரத்தில் இலக்கை 0.2, 0.3 பார் தாண்டி, பிறகு சரியாக நிற்கிறது. ப்ரீலோட் அதிகமாக இருக்கலாம். ராடை அரைத் திருகு அரைத் திருகாக நீட்டிப் பாருங்கள். அடுத்து ஹோஸ் நீளம்: சோலினாய்டிலிருந்து ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ் சுற்றி வளைத்து ஒரு மீட்டர் போனால் செய்தி தாமதமாகத்தான் சேரும். ஹோஸுக்குள் கம்பெனி வைத்த பித்தளைக் கட்டுப்பாட்டுத் துளை, சிலிக்கான் ஹோஸ் மாற்றும்போது பழைய ஹோஸோடு குப்பைக்குப் போயிருக்கலாம். இவை சரி என்றால் மீதி மேப்பில், டியூனர் வேலை.

### ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்ட்டும் ஏறுகிறது

டவுன்பைப் மாற்றிய பிறகு வந்ததா? டியூட்டி பூஜ்யமாக இருந்தும், ஸ்பிரிங் ஓட்டத்திலும்கூட 4500 ஆர்பிஎம்முக்கு மேல் பூஸ்ட் ஏறிக்கொண்டே போனால் இது க்ரீப். எக்ஸாஸ்ட் தடையின்றி ஓடுவதால் டர்பைனுக்குக் கூடுதல் வாயு போகிறது. வேஸ்ட்கேட் துளை அத்தனையையும் திருப்பிவிடப் போதவில்லை. கன்ட்ரோலரும் மேப்பும் புதுச் சோலினாய்டும் இதைத் தீர்க்காது.

ஃபிளாப் முழுதாகத் திறக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்க்கலாம்: டவுன்பைப்பின் உள்சுவரில் ஃபிளாப் இடித்த தடம் தெரிந்தால் அந்தப் பைப்தான் காரணம். ராட் ப்ரீலோட் மிக அதிகமாக இருந்தாலும் ஃபிளாப் பாதியில் நின்றுவிடும். இரண்டும் இல்லை என்றால் வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்க வேண்டும், அல்லது வெளி வேஸ்ட்கேட் வைக்க வேண்டும். இரண்டுமே நல்ல லேத்தும் டர்போ அனுபவமும் உள்ளவர் வேலை. துளையைப் பெரிதாக்கும்போது ஃபிளாப் உட்காரும் விளிம்பு மெலிந்துவிட்டால் ஹவுசிங் வீண். அதுவரை ஆர்பிஎம் வரம்பைக் குறைத்து ஓட்டுங்கள்.

### எல்லையே இல்லாமல் ஏறுகிறது

ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ் கழன்றிருக்கும், டயாஃப்ரம் கிழிந்திருக்கும், இல்லையென்றால் ஃபிளாப் மூடிய நிலையில் இறுகியிருக்கும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். சரிசெய்யும் வரை எஞ்சினைப் பூஸ்ட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

### வெட்டு விழுகிறது, லாக்கில் பூஸ்ட் நேர்கோடாக நிற்கிறது

வந்த பூஸ்ட் 2500 மில்லிபார் பக்கம் தட்டையாக நின்றால் சென்சாரின் எல்லை முடிந்துவிட்டது. 2.5 பார் சென்சார் சுமார் 1.5 பார் பூஸ்ட் வரைதான் பார்க்கும். அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் ஈசியுவுக்குத் தெரியாது. 3 பார் சென்சார் மாட்டி, அதற்கான அளவீட்டை மேப்பில் எழுத வேண்டும். சென்சாரை மட்டும் மாற்றி மேப்பை மாற்றாமல் விட்டால் ஈசியு தப்பாகப் படித்துப் பூஸ்ட்டை இன்னும் ஏற்றும்.

## அறிகுறி: பூஸ்ட் மேலும் கீழும் ஆடுகிறது

ஸ்பிரிங் ஓட்டத்தில் ஆடவில்லை என்றால் கன்ட்ரோல் பக்கம்: சோலினாய்டுக்குள் ஆயில் அல்லது தூசி, தளர்ந்த கனெக்டர், மேப்பில் அல்லது கன்ட்ரோலரில் அளவுக்கு மீறிய திருத்த வேகம். கன்ட்ரோலரில் கெயினை (அந்தத் திருத்த வேகத்தை) ஒவ்வொரு படியாகக் குறைத்து லாக் எடுங்கள்.

ஸ்பிரிங் ஓட்டத்திலும் ஆடினால் அழுத்தம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸில் டி போட்டு ஆக்சுவேட்டருக்குக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். அழுத்தத்தைக் கம்ப்ரஸர் ஹவுசிங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும், அந்த ஹோஸில் கேஜோ ப்ளோ-ஆஃப் வால்வோ பங்கு போடக் கூடாது.

## அறிகுறி: பூஸ்ட் நன்றாக எழுந்து மேலே சரிகிறது

சின்ன டர்போ மேல் ஆர்பிஎம்மில் இறங்குவது அதன் இயல்பு. கம்பெனி டர்போ வைத்து 6000 வரை ஒரே அளவில் பூஸ்ட் வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் முன்பு இல்லாத சரிவு புதிதாக வந்தால்: அடைத்த ஏர் ஃபில்டர், உறிஞ்சலில் சப்பிப்போகும் இன்லெட் ஹோஸ் (உள்ளே கம்பிச் சுருள் இல்லாத சிலிக்கான் வளைவு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் 4000 ஆர்பிஎம்மில் தட்டையாகும்), தளர்ந்த ஆக்சுவேட்டர் ஸ்பிரிங், கடைசியாகக் கேட்டலிடிக் அடைப்பு. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு சின்னக் கல் போதும், கம்ப்ரஸர் இறக்கை போய்விடும்.

## அறிகுறி: பூஸ்ட் சரி, ஆனால் உதறி வெட்டுகிறது

லாக்கில் பூஸ்ட் இலக்கோடு ஒட்டிப் போகிறது, மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறுகிறது என்றால் தீப்பொறி அணைகிறது. பூஸ்ட் ஏற்றிய எஞ்சினில் பிளக் இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். பிறகு காயிலை சிலிண்டருக்குச் சிலிண்டர் இடம் மாற்றி, மிஸ்ஃபயர் கூடவே போகிறதா பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ரெயில் அழுத்தத்தை (இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) லாக் செய்யுங்கள். மேலே போகப் போகக் கேட்ட அழுத்தத்தை விட வந்தது இறங்கினால் பம்ப் போதவில்லை. அந்த நிமிடமே கால் எடுங்கள், டியூனரிடம் போகும் வரை முழு த்ராட்டில் கிடையாது. பூஸ்ட் இருக்கும்போது பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் தாங்காது.

## அறிகுறி: கால் எடுத்தால் சத்தம், புகை, எஞ்சின் அணைகிறது

த்ராட்டிலை விட்டதும் புறா குறுகுவது போன்ற சத்தம் வந்தால் காற்று டர்போவுக்கே திரும்பி மோதுகிறது. டைவர்டர் வால்வு திறக்கவில்லை, அல்லது அதன் வேக்கம் ஹோஸ் இல்லை. கால் எடுத்ததும் கரும்புகையும் தடுமாற்றமும் வந்தால், ஏர்ஃப்ளோ சென்சார் வண்டியில் காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு மாட்டியிருப்பார்கள். அளந்த காற்று வெளியே போகிறது, பெட்ரோல் உள்ளே போகிறது. இன்லெட்டுக்குத் திரும்ப விடும் வகைக்கு மாற்றினால் அன்றே தீரும். கால் எடுத்ததும் நீலப்புகை என்றால் ஆயில். பிசிவி, டர்போ ஆயில் ரிட்டர்ன் குழாய், டர்போ சீல் என்ற வரிசையில் பாருங்கள்.

## அறிகுறி: கேஜ் ஒன்று சொல்கிறது, ஸ்கேனர் ஒன்று சொல்கிறது

ஸ்கேனர் முழு அழுத்தத்தைக் காட்டும், கேஜ் வெளிக்காற்றுக்கு மேலே உள்ளதைக் காட்டும். மதுரையில் ஸ்கேனர் எண்ணிலிருந்து 1000 மில்லிபார் கழியுங்கள். 1 பார் 14.5 பிஎஸ்ஐ. அதற்குப் பிறகும் 0.1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேஜ் ஹோஸில் கசிவு.

## பட்டறைக்குக் கொண்டுபோகும்போது

டியூனருக்கோ டர்போ ஆளுக்கோ வெறுமனே "பிக்கப் இல்லை" என்று சொன்னால் அவர் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும், அதற்கான கூலி உங்களுடையது. கோடுகளின் படம், சாவி போட்ட நிலை அளவு, ஸ்பிரிங் ஓட்ட லாக், வழக்கமான லாக், அழுத்தச் சோதனை எத்தனை பாரில் செய்தீர்கள் என்ற விவரம், மாட்டியிருக்கும் பாகங்களின் பட்டியல், ஊற்றும் பெட்ரோல் எது: இவ்வளவும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மேப் எழுதியவரும் டர்போ மாட்டியவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் இருவருக்கும் ஒரே தாள் போக வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் அது கேள்வியாக வரும். அதனால் கழற்றிய கம்பெனி பாகங்கள் எதையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள். கம்பெனி டவுன்பைப்பையும் கம்பெனி மேப்பையும் திரும்ப வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது பல க்ரீப் வழக்குகளில் சந்தேகத்தை ஒரே நாளில் தீர்க்கும்.